ரெனிட்டாவின் கோப்பில் என் பெயர்

அலபாமா,
பிப்ரவரி 11

அன்பு மகள் கமீலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தப் பனிக்கட்டி ஊரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே இரண்டு பேரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் இவர் கொட்டகைக் கூரையில் ஏறிப் பெக்கான் மரக்கிளையை வெட்டிக்கொண்டிருக்கிறார். சபையில் பாட்டுக்குழுவுக்குப் புது அங்கி வந்திருக்கிறது, ஊதா நிறம், எனக்கு ஒரு சாண் நீளம் அதிகம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

இந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறேன். போதும் என்று நானே முடிவு செய்தேன் என்று நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னேன் அல்லவா, அது பொய். முதியோர் உதவி அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிற பெண்ணாகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது, கடைசி இரண்டு வருடம் தற்காலிக இயக்குநர். நம்மைப் போல ஒரு கறுப்பினப் பெண் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தற்காலிகம்தானே என்று கதவில் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை, நானே காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டேன். கூட்டத்தில் எங்களுக்கு மேலதிகாரியான ஆணையர் ஆண்களை எல்லாம் மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவார், நான் மட்டும் வெறும் வெர்னெட்டா. பொறுத்துக்கொண்டேன், நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

என்னிடம் ரெனிட்டா மோஸ்லி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள், நம் இனம், நம் சபைக்காரிதான், நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவள். குளிர்காலத்தில் வயதானவர்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசு கொடுக்கிற உதவி அவள் பொறுப்பு. போன வருடம் திடீரென்று, இனி விண்ணப்பம் கம்ப்யூட்டரில் மட்டும்தான், காகிதம் கிடையாது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். கூட்டத்தில் ரெனிட்டா எழுந்தாள். "ஐயா, காட்டுப்பக்கம் இருக்கிற கிழவிகிட்ட கம்ப்யூட்டர் எங்க இருக்கு? ஜனவரியில வெறைச்சுச் சாகட்டும்னு விட்டுடலாமா?" என்று கேட்டாள். கத்தவில்லை கமீல். நான் பக்கத்தில் இருந்தேன், சபையில் வேதம் வாசிப்பாளே, அதே குரல். ஆணையருக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "வெர்னெட்டா, அந்தப் பொண்ணு போடுற சத்தத்துல எல்லாரும் பயந்து போயிருக்காங்க. நீயே ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துடு, உன்ன மாதிரி ஒருத்தி குடுத்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார். நிரந்தர இயக்குநர் பதவிக்கு உன் பேரும் மேலே போயிருக்கு, இந்த நேரத்துல பாத்து நடந்துக்கோ என்று சேர்த்துச் சொன்னார். கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி மேசையில் இருந்தது. மிரட்டும் குரல், ஒத்துப்போகாத போக்கு, தலைமைக்குப் பொருந்தாதவர் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். ரெனிட்டா அதை நின்றபடியே படித்தாள். "சரிங்க, மிஸ் வெர்னெட்டா" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த விண்ணப்பத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அந்தக் குளிரில் யார் யார் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தார்களோ, எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பரில் இயக்குநர் பதவியை வெளியூரிலிருந்து வந்த ஒரு இளைஞனுக்குக் கொடுத்தார்கள், அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியது நான். எனக்கு ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டேன். ஒரு தாள் வந்தது. மிரட்டும் குரல், ஒத்துப்போகாத போக்கு, தலைமைக்குப் பொருந்தாதவர். எழுத்துப்பிழைகூட அதே இடத்தில் இருந்தது. காரில் உட்கார்ந்து அழுதேன், பதவிக்காக அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரெனிட்டா இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். போன மாதம் மதியச் சாப்பாடு முடிகிற நேரமாகப் பார்த்துப் போனேன். தலைமுடியை மூடிய வலையோடு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல ஆரம்பித்ததுமே நிறுத்தி, "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "படிக்காம போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் மிஸ் வெர்னெட்டா. அத நம்பித்தான் இத்தன நாளா சபையில உங்களப் பாத்தா சிரிச்சேன்" என்றாள். பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கொண்டுபோன பேரிக்காய் ஜாம் பாட்டில் என் கையிலேயே இருந்தது.

அவள் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிடக் கேட்டேன், விதியில் இடமில்லையாம், வேண்டுமானால் ஒரு தாளைச் சேர்க்கலாமாம். சேர்த்தேன். ரெனிட்டா அன்று கத்தவில்லை, அவள் சொன்னது உண்மை, என் பதவிக்குப் பயந்து நான் கையெழுத்துப் போட்டேன் என்று நாலு வரி. இனி யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும் என் பெயரை இரண்டு தடவை படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ரெனிட்டாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளிடம் போய்ச் சிரி என்று நான் எப்படிக் கேட்பேன்?

உனக்குக் கீழே இப்போது பதினோரு பேர் என்று சொன்னாய், அப்பா தபால்காரர்வரை சொல்லி மாய்ந்துபோகிறார், எனக்கும் பெருமைதான். உன் மேசைக்கும் ஒரு நாள் இப்படி ஒரு தாள் வரும், உன்னைப் போன்ற ஒருத்தி கொடுத்தால் நல்லது என்று யாராவது இனிமையாகச் சொல்வார்கள். அன்றைக்கு நீ என் மகளாக இருக்க வேண்டாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைக்குத் தைரியம் கொடுக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே இறங்காதே. அப்பாவிடம் இந்தக் கதை எதுவும் இன்னும் சொல்லவில்லை, நீ முந்திக்கொள்ளாதே, நானே சொல்ல வேண்டும்.

உன்னை நினைத்தபடி,
உன் அம்மா
வெர்னெட்டா