மூன்றாம் புத்தகத்தில் ஒரு மூலைப் படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை, அதை நீயே போட்டு வாசித்துக்கொள். உன் இருமல் நின்றதா, வெறும் சிமெண்டுத் தரையில் படுக்காதே, கம்பளியை இரண்டாக மடித்துக் கீழே விரித்துக்கொள், குளிர் கீழேயிருந்துதான் ஏறும். போன முறை பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உன் முகம் பாதிதான் தெரிந்தது, அந்தப் பாதியும் இளைத்துப் போயிருந்தது. கொடுப்பதைச் சாப்பிடு ராஜா, ருசி பார்க்காதே. அப்பா லாரிக்குப் போகிறார், வருகிறார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார், என்னோடு பேச்சு இல்லை, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். தங்கை மொபைல் கடையில்தான் இருக்கிறாள், முதலாளி நல்லவர், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அதே லாண்டரி, அதே ஆவி மெஷின், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை ரேகைகூட அழிந்துவிடும் போலிருக்கிறது.

புத்தகம் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், கதையையாவது எழுதி அனுப்பு அம்மா என்று நீ கேட்டாயே, ஏழாம் புத்தகம் வரைக்கும் முன்பே எழுதிவிட்டேன், இப்போது உன் சாம்பல் நாரை படக்கதை பன்னிரண்டு புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டேன். சின்ன வயதில் நீ பாடப் புத்தகத்துக்குள் வைத்து இதைப் படித்தபோது அடுப்பில் போட்டுவிடுவேன் என்று மிரட்டியவள் நான், இப்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தடவை படிக்கிறேன், காலம் யாரை எங்கே உட்கார வைக்கிறது பார். மூச்சை அடக்கினால் அந்த நாரை வீரனின் உள்ளங்கை பழுத்து நெருப்பாகுமாம், ஒரே அடியில் சுவர் விழுமாம். மூச்சை அடக்கினால் கை பழுக்கும் என்றால் எங்கள் லாண்டரியில் இருக்கிற அத்தனை பேரும் நாரைகள்தான். கொட்டுகிற பனியில் சட்டை இல்லாமல் நிற்கிறானே, இவனுக்குச் சளி பிடிக்காதா என்று தங்கை கேட்கிறாள். நாலாம் புத்தகத்தில் முகமூடி முடிச்சு இடப்பக்கம், ஐந்தில் வலப்பக்கம், படம் போட்டவர் மாறிவிட்டார் போல. இதெல்லாம் எனக்குப் பெரிய குறை இல்லை, சிறுபிள்ளைகளுக்கு எழுதியது, இருந்துவிட்டுப் போகட்டும். என் வழக்கு வேறு.

மூன்றாம் புத்தகம் நினைவிருக்கும், பாலத்தின் மேல் நாரை தன்னோடு ஒரே குருவிடம் படித்தவனைக் கோபத்தில் அடிக்கிறான், அவன் விழுந்து செத்துப்போகிறான். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, உண்மையாக இருந்தது. அதோடு விட்டானா எழுதினவன், ஐந்தாம் புத்தகத்தில் அது அடியால் வந்த சாவே இல்லை, குரு முன்பே விஷம் வைத்துவிட்டார் என்கிறான். எட்டாவதில் விழுந்தவனே வேறு ஆள், முகம்தான் ஒன்று என்கிறான். பதினொன்றில் செத்தவன் குத்துக்கல் மாதிரி வந்து நிற்கிறான், இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், நாமும் கரண்டி வைத்துக்கொண்டு பூசணி எங்கே என்று தேட வேண்டுமாம். ஐந்தாம் புத்தகம்தான் உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய், ஏன் பிடிக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

ஆனால் மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கீழ் மூலையில், தீப்பெட்டி அளவில் ஒரு படம் இருக்கிறது, நீ பார்த்திருக்கமாட்டாய், நானும் முதல் தடவை பார்க்கவில்லை. செத்தவனின் அம்மா இரண்டு தட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எழுத்து ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எங்கேயாவது வருகிறாளா என்று பன்னிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. மகன் உயிரோடு வந்தானே, அவன்கூட வீட்டுக்குப் போகவில்லை. நாரைக்காகத்தான் கதையை மூன்று தடவை மாற்றினார்கள், அவளுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை.

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், டோக்கன் எடுத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் உன் கூட்டாளி சுருட்டையின் அம்மா, மகனைப் பறிகொடுத்தவள். வேறு இடம் காலி இல்லை, திரும்பிப் போகிறதா உட்காருகிறதா என்று நிற்கையில் அவளே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். உட்கார்ந்து டோக்கன் பலகையைப் பார்த்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, அங்க சாப்பாடெல்லாம் எப்படி, உங்க புள்ள ஒழுங்கா சாப்பிடுறானா என்று கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அதற்குத்தான் இத்தனை நாளும் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். சாப்பிடுறான் என்றேன். சரி என்றாள். அவளுடைய நம்பர் வந்தது, எழுந்து போய்விட்டாள், நான் மாத்திரை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது வக்கீல் விஷயம். அப்பீலில் புதுச் சாட்சியாக என்னை விசாரிக்க மனுப் போடுகிறாராம். எதிரில் இருக்கிற பைக் மெக்கானிக் ஷெட்டு நம் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும் அல்லவா, அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சுருட்டைதான் முதலில் ஸ்பேனரை ஓங்கினான் என்று சொல்ல வேண்டுமாம். ஒரு வார்த்தைதானேம்மா, அதுல உங்க புள்ளையோட வாழ்க்கையே இருக்கு என்கிறார். அப்பாவும் அதையே சொன்னார், நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதிலிருந்துதான் பேச்சை நிறுத்திவிட்டார். நீயும் போன கடிதத்தில் அவன் ஸ்பேனரை ஓங்கினதை நீயே பாத்தியே அம்மா என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஸ்டேஷனில் நான்தான் அடித்தேன் என்றாய், கோர்ட்டில் அவனாக வழுக்கி விழுந்தான் என்றாய், இப்போது ஸ்பேனர். மற்றவர்களை நம்ப வைக்கச் சொன்னதை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய் ராஜா.

நான் பார்த்தேன். அவன் கையில் டீ கிளாஸ்தான் இருந்தது. எதற்கோ சிரித்தான், நீ ஒரே ஒரு அடி அடித்தாய், கராத்தே கிளாஸில் வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவாயே, அங்கே கற்ற அடி, அவன் தலை இரும்புப் பலகையில் போய் மோதியது. அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்தேன், அதை யாரும் எங்கேயும் சொல்லவில்லை. நீ அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, டேய் சுருட்டை எந்திரிடா என்று தெருவே கேட்கக் கத்தினாய், உன் சட்டையைக் கழற்றி ரத்தத்தை அமுக்கினாய், ஓடி வந்த ஆட்டோவில் நீதான் அவனைத் தூக்கி வைத்தாய். ஸ்பேனர் வந்தால் இந்தப் படத்துக்கு இடம் கிடையாது, ஓங்கினவனை மடியில் வைத்து யார் அழுவார்கள். என்னைக் கூண்டில் ஏற்றினால் நான் டீ கிளாஸையும் சொல்வேன், அடியையும் சொல்வேன், மடியையும் சொல்வேன். இதனால் உனக்குத் தண்டனை குறையுமோ கூடுமோ, எனக்குச் சட்டம் தெரியாது. கூடினால் அதற்கு நான்தான் காரணம், அதைச் சுமந்துகொண்டுதான் சாகப்போகிறேன். பெற்ற மனம் பித்து என்பார்கள், என் பித்து இந்தப் பக்கமாகப் போய்விட்டது, என்னால் வேறு மாதிரி முடியவில்லை. அந்தப் பெஞ்சில் அவள் எனக்கு இடம் விட்டாள்.

கடிதத்தில் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது, அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று வக்கீல் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். தெரிந்துதான் எழுதுகிறேன். நாளைக்கு உன் முகத்தை நேரில் பார்த்தால் மனம் மாறிவிடும், இனி மாறினாலும் பிரயோஜனம் இல்லாதபடி எழுதிவிட்டேன். பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம், பிள்ளைக்கு இருமல் இருக்கிறது, ஒரு மருந்து கிடைக்க வழி செய்யுங்கள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, இந்தக் கடிதத்தால் அதில் ஒன்றும் குறையாது. காதுக்குத் துணி கட்டிக்கொள். வெந்நீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. வருகிற பார்வை நாளில் வருகிறேன், நீ கோபத்தில் வலைப்பக்கம் வராமல் இருக்கலாம், வர மாட்டேன் என்று சொல்லியும் அனுப்பலாம். வழக்கம்போல உனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன், உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், கடைசி மணி அடிக்கிறவரை அந்த வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா