முருகையன் ஆட வேண்டிய ஆட்டம்

புதுச்சேரி,
22-8-1957

சௌபாக்கியவதி அமிர்தவல்லிக்குக் கலியபெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பேத்தி பிறந்த கார்டு கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றதில் மனசு குளிர்ந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, கமலாவைப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே. நானும் சுகம் என்று எழுதலாம், எழுதினால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக் கப் போட்டியில் தோற்றுவிட்டோம். தோற்றதற்காக முடங்கிக் கிடக்கிறவன் இல்லை நான், உனக்கே தெரியும். மில் வேலை முடிந்து வந்து மூன்று வருஷமாக இந்தப் பையன்களைக் கடற்கரை மணலில் பழக்குகிறேன். எத்தனையோ தோல்வி பார்த்தாயிற்று. இது வேறு.

அன்று காலை கண்ணையனுக்குக் காய்ச்சல். அவன் இடத்தில் ஆட வேண்டியவன் முருகையன், நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் வைத்திக்குப்பத்து ஆயம்மாவின் மகன். அவனைப் போல் ஓடுகிறவன் நம் பையன்களில் கிடையாது. மகன் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்று ஆயம்மா அன்று வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூடையோடு மைதானத்துக்கு வந்து நின்றாள்.

அப்போதுதான் எனக்குச் சனியன் பிடித்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் அணிக்குத் தலைவராக, கப்பித்தேனாக இருந்த தணிகாசலம், கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன கலியபெருமாள், காலில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். முருகையனை உட்காரச் சொல்லிவிட்டு நானே இறங்கினேன். என் பழைய பூட்ஸ் பையில் இருந்தது. பயிற்சி கொடுக்கிறவனுக்கு அதை எடுத்துப் போக என்ன வேலை என்று இப்போது யோசித்தால் எனக்கே கூசுகிறது.

நாற்பத்தேழு வயசு உடம்பு, கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. ஜனங்கள் சிரித்தார்கள். எதிராளி என்னைத் தாண்டிப் போய்த்தான் கோல் போட்டான். முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்த பையனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டேன். அது கம்பத்துக்கு மேலே எங்கேயோ போயிற்று. தணிகாசலம் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டாராம்.

இதெல்லாம் கூடத் தாங்கிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை ஆயம்மா வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் போகிறவளாக இல்லை. நான் வெளியே வந்ததும், “ஐயா, எம்புள்ள சரியா ஆடமாட்டான்னுதான நீங்களே எறங்குனீங்க? அவனே சொல்லிட்டான். இனிமே அனுப்பல, அவன் மாமனோட கடலுக்குப் போவட்டும்” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன், அமிர்தம். ஆமாம் என்பது போல ஆட்டினேன். வாத்தியார் மானம் போகக்கூடாது என்று அந்தப் பையன் பெற்ற தாயிடமே தன்னைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறான். நான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். தூ என்று என்னையே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்கப்புறம் பயிற்சிக்குப் போகவில்லை. நேற்று வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்தேன். ஆயம்மா படகோரத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

நீ சீக்கிரம் வந்து, உன் மகன்தான் கெட்டிக்காரன், என் வீட்டுக்காரருக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே வெட்கமாகிவிட்டது. அவன் ஆட வேண்டிய இடத்தில் நான் ஆடினேன். இப்போது நான் பேச வேண்டிய இடத்துக்கு உன்னை அனுப்பப் பார்க்கிறேன். நீ வரவேண்டாம். கமலாவுக்கு உடம்பு தேறும் வரை அங்கேயே இரு.

பேத்தி தீர்க்காயுசாக இருக்கட்டும். எனக்காக ஒன்று மட்டும் செய். ஆயம்மாவிடம் போனீர்களா என்று கேட்டு உடனே ஒரு கார்டு போடு. நீ கேட்பாய் என்று தெரிந்தால் போய்விடுவேன்.

இப்படிக்கு,
கலியபெருமாள்