நான் போட்ட 'வாரேன்'

கொடும்பாளூர்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனி குரூப்பில் 'அன்புமொழி' என்று முழுப்பெயர் போடுகிற சூப்பர்வைசர் சார், எனக்குத் தனியாக அனுப்பும்போது 'அன்பு' என்று பாதியிலேயே நிறுத்துகிறார். முதலில் அதைத்தான் கவனித்தேன்.

எங்கள் கார்மெண்ட்ஸில் ஷிப்ட், லீவு, திட்டு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். உடனே பதில் போடாவிட்டால் மறுநாள் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார். சாப்பிடும்போதும் போன் மடியில்தான். அலுத்துப்போகிறது. நீ தினமும் பூப்படம் அனுப்புகிறாய். நானும் ஒரு பூவைத் திருப்பி அனுப்பிவிட்டு, அக்காவிடம் பேசியாயிற்று என்று இருந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை 'சாப்டியா அன்பு', 'என்ன பண்றே' என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். முடித்துக்கொள்ள 'வாரேன் சார்' என்று போட்டேன். நாம் யாரிடமும் 'போறேன்' என்று சொல்லமாட்டோமே. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர், '22ந்தேதி ஞாயிறு மலைக்கோயிலுக்குத் தனியா வர்றியா?' என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே என் 'வாரேன் சார்' போய் உட்கார்ந்துவிட்டது. அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

இப்போது போன் அதிர்ந்தால், அவர்தானோ என்று முதலில் பெயரைத்தான் பார்க்கிறேன். மறுத்தால் வேலை போகும். அப்பாவுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்தி, தங்கமுத்து மாமனுக்கு என்னைப் பேசி முடித்துவிடுவார். உன் போனை உன் வீட்டுக்காரரும் பார்ப்பார் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் தங்கை,
அன்புமொழி


ஆவுடையார்கோவில்
13.6.2025

என் தங்கச்சிக்கு,

உன் பூவைப் பார்த்து, நீ நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்தேன். நான் அனுப்புகிற பூவும் அப்படித்தான், அதை விடு.

அந்த ஆளுக்கும் நம் ஊர்ப்பேச்சுதானே. 'வாரேன்' என்றால் என்னவென்று தெரியாமலில்லை. ஆனாலும் எதிர்த்து எதுவும் எழுதாதே. ஞாயிறன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ரஞ்சிதா


கொடும்பாளூர்
18.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் என்றால், எப்போது சரியாகும் என்று கேட்பாரே. அதனால் இன்று மதியம், பக்கத்து மிஷின் மூக்காயி அக்காவிடம் போனைக் காட்டினேன். "இந்த மனுசன் தெனம் பொண்டாட்டிகிட்ட 'வாரேன்'னுட்டுத்தானே கெளம்புறாரு. வந்துட்டாருன்னு அந்தம்மா அப்பவே சோத்தப் போட்டு வைக்குமாக்கும்?" என்றார். சிரித்துவிட்டேன்.

குரூப்பில் இதுவரை 'ஓகே சார்' தவிர நான் எதுவும் போட்டதில்லை. இன்று அங்கேயே எழுதினேன்: 'சார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உங்ககூட நான் வரமாட்டேன். வாரேன்னு போட்டது, பேச்சை முடிக்கிறதுக்கு.'

எல்லோரும் பார்த்தார்கள். அதுவும் பயமாகத்தான் இருந்தது. பெல் அடித்தது. போனை டிபன் பைக்குள் போட்டுவிட்டு, மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

அன்புமொழி