இடது கால்

பெரிய வியாழன் மாலை. கோயில் வாசலில் நின்றிருந்த வேனிலிருந்து டீசல் வாடை அடித்தது. உங்கள் நினைவு வந்தது, அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

போன தவக்காலத்தில், இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல் பெரிய வியாழனன்று தான் பாதம் கழுவிவிடப் போகும் பன்னிரண்டு பேரில் உங்கள் பெயரையும் ஃபாதர் வாசித்தார். அன்றைக்கே உங்களைக் கவலை பிடித்துக்கொண்டது. சூலூர் தறிக்குடோனில் வெறுங்காலோடு நடந்து நடந்து, உங்கள் பாதம் எப்போதும் எண்ணெய்க் கறுப்புதான். தேங்காய் நாரை டீசலில் நனைத்துத் தினமும் தேய்த்தீர்கள்.

“ஏனுங்க, ஃபாதர் வலது காலத்தான கழுவுவாரு? இடதுக்கு என்னத்துக்குங்க இந்தப் பாடு?”

“சாமி ஊட்டுல ஒத்தக் கால அழுக்கா வெச்சுட்டு உக்கார முடியுமா அம்மணி?” என்றீர்கள். உங்களோடு பேசி யார் ஜெயித்தார்கள்?

கறையெல்லாம் போயிற்று, இடது குதிகாலில் ஒன்றைத் தவிர. புளியங்கொட்டை அளவு இருக்கும், ஓரமெல்லாம் கோணல்மாணல். கால் ஆணி என்று பிளாஸ்திரி ஒட்டினீர்கள். பிறகு மறுபடியும் தேய்த்தீர்கள். ரத்தம் கசிந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா துளி சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு புனித வாரத்தில் வந்தது.

“இது ஆணி இல்லீங்க, கறையும் இல்லீங்க. தோல்ல வர்ற கேன்சருங்க. நம்ம பக்கம் அபூர்வமா உள்ளங்கால்ல வர்றது. அதனாலயே யாரும் சந்தேகப்படறதில்லீங்க.” உங்கள் தொடை இடுக்கில் புதிதாகத் தட்டுப்பட்ட கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “ஏனுங்க டாக்டர், வியாழக்கெழம கோயில்ல கால நீட்டலாமுங்களா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிர் போகிற விஷயத்தைச் சொல்கிறார்கள், இந்த மனுசருக்குக் கோயில் நாற்காலிதான் பெரிதாக இருக்கிறதே என்று. டாக்டரம்மா மெதுவாக, “நீட்டுங்க” என்றார்.

நீட்டினீர்கள். கட்டுப் போட்ட இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, வலது காலை மட்டும். ஃபாதர் கழுவித் துடைத்து முத்தமிட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்புறம் ஆபரேஷன், மருந்து, ஆஸ்பத்திரி. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் குடில் கட்ட ஆள் இல்லை.

இன்றைக்கு உங்கள் நாற்காலியில் பக்கத்துக் குடோன்காரர் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரும் வலது காலை நீட்டினார்கள். எல்லோரும் ஃபாதர் கையைப் பார்த்தார்கள். நான் நாற்காலிகளுக்கு அடியில் ஒதுங்கியிருந்த இடது கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் அந்தக் குடோன்காரரிடம் போய் நின்றேன்.

“ஏனுங்கண்ணா, அந்த இன்னொரு காலையும் கொஞ்சம் காட்டுங்க.”