நான்கு சுற்று

1936 டிசம்பர் 4, வெள்ளி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நல்ல பெண் என்று பெயர் வாங்குவதற்கு வேறு நோட்டு இருக்கிறது. அது பள்ளி சிஸ்டரிடம் போகும். இது போகாது.

இன்றைய உண்மை: ஆம்பூரின் பெரிய மனிதர்கள் பதினொரு பேர் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, பாலாற்று மணலில் குப்புறப் படுத்து, காகிதத்தைச் சுட்டார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் கரையில் நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு விடுமுறை. ஜும்மா தொழுகைக்கு நேரமாகும் வரை இந்தக் கூத்துதான். பனிக்காலம் முடிந்தால் ஆற்றில் கானல் ஆடும், குறி தெரியாது என்று காரணம் வேறு. அந்த ரைபிளின் தோட்டா என் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. காகிதம் திருப்பிச் சுடாது என்பதால் எல்லோருக்கும் தைரியம் ஜாஸ்தி.

அப்பாவும் அதில் ஒருவர். நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பில் அவர் செலக்டர். பதனிட்ட தோலைப் பார்த்து, தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பவர். ரைபிள் சாயபுவுடையது. இன்று அப்பாவின் பத்துத் தோட்டாவில் நான்கு காகிதத்திலேயே படவில்லை. பனி, பழைய தோட்டா, முழங்கை வலி என்று மூன்று காரணம் சொன்னார்.

சாயங்காலம் வேலூர் கன்னியர் மடத்துப் பள்ளியின் விண்ணப்பத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். எங்கள் பள்ளி மூன்றாம் பாரத்தோடு முடிகிறது. அங்கே நாலாம் பாரத்தில் எனக்குச் சம்பளம் கட்டவேண்டாத இடம், விடுதியோடு. ஜனவரி பத்துக்குள் அப்பாவின் கையெழுத்து மட்டும் வேண்டும். பிரித்துக்கூடப் பார்க்காமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 6

ஜனவரி முதல் தேதி காட்டிலாகாக்காரர்களோடு போட்டியாம். ரேஞ்சர் ராமமூர்த்தி ஐயாவின் ரைபிளில் டெலஸ்கோப் இருக்கிறது. அதனால் சாயபு அப்பாவிடம், “நீயும் ஒண்ணு பாத்து வாங்கு, முப்பது ரூபாய்க்கு மேல போவாத” என்று சொல்லிவிட்டார். மவுண்ட் ரோடு கடையின் கேட்லாக்கை நான் படிக்க, அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நவாபுக்குக் கதை படிப்பவள் மாதிரி நான்.

எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது நூற்றுப் பத்து ரூபாய். அதற்கு இரண்டு பக்கப் புகழ்ச்சி. இரண்டரை மடங்கு காட்டுவது இருபத்தெட்டு ரூபாய். அதற்கு நான்கே வரி. ஆனால் அந்த நான்கு வரியில்தான் விஷயம் இருக்கிறது.

அப்பாவின் கீழ் வேலை செய்யும் கன்னியப்பன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார். “அண்ணே, எட்டு மடங்குன்னா எலும்பு வரிக்கும் தெரியும்ணே.”

காகிதத்துக்கு எலும்பு ஏது என்று கேட்டேன். எட்டு மடங்கு என்றால் பனியும் எட்டு மடங்கு, கை நடுக்கமும் எட்டு மடங்கு என்றேன். அப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். இருபத்தெட்டு ரூபாய்க்கு நானே கடிதம் எழுதினேன்.

டிசம்பர் 10

சென்னை ஏஜெண்டிடமிருந்து கடிதம். முதல் தரம் என்று நாங்கள் அனுப்பிய தோல்கட்டுக்குள் உண்ணி கடித்த துளைகள் இருந்தனவாம். “இன்னொரு தடவ படி” என்றார் அப்பா. படித்தேன். “கன்னியப்பன் கட்ட மாத்திக் கட்டிட்டான்” என்றார். கன்னியப்பனுக்கு அவ்வளவு புத்தி இருக்கிறதா?

டிசம்பர் 15

கையெழுத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டுவிட்டேன். “நாலாம் பாரம் படிச்சு இன்னா பண்ணப் போற?” – முடிந்தது பேச்சு. எதிர்வாதம் செய்ய ஒரு காரணமாவது தரவேண்டாமா? அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, “நீ போய்ட்டா சாயங்காலத்துல அவருக்கு யாருடி படிப்பாங்க?” என்றாள். ஆக, என்னை வீட்டில் வைத்திருப்பது ஒரு சோம்பேறியின் சாய்வு நாற்காலிக்காக.

டிசம்பர் 18, வெள்ளி

பள்ளிக்கு விடுமுறை. டெலஸ்கோப் நேற்று பார்சலில் வந்தது. குழாய் மாதிரி ஒரு முழம். கூட வந்த தாளைப் படித்து நான் சொல்ல, சைக்கிள் கடைக்காரர் திருகிப் பொருத்தினார். கண் வைக்கும் முனையில் ஒரு வளையம். அவரவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை அதைத் திருப்பிக்கொள்ளவேண்டுமாம்.

காலையில் ஆற்றுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள், புள்ளிகளை எழுத. என்னைவிட நேராகக் கூட்டத் தெரிந்தவர் அந்தப் பதினொரு பேரில் இல்லை. சாயபு வளையத்தைத் தொடவே இல்லை, கன்னியப்பனும் அப்படியே. அப்பா மட்டும் சுற்றினார், சுற்றினார், நான்கு முழுச் சுற்று. பிறகு பத்துத் தோட்டாவில் எட்டைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்தார். அதன்பின் நான் எட்டிப் பார்த்தேன். ஆறு, மணல், காகிதம் எல்லாம் மோரில் போட்ட மாதிரி கலங்கல். நான்கு சுற்று திருப்பி வைத்தேன், பளிச்.

அப்பா என் காதருகே, “நான் எழுந்ததும் நீ அத பழையபடி வெச்சுடு. எல்லாருக்கும் பேஜார்” என்றார்.

எதற்குப் பேஜார்?

டிசம்பர் 22

சோதனை செய்தேன். ஏஜெண்டின் கடிதத்தைத் தலைகீழாக நீட்டி, கடைசி வரியைப் பாருங்கள் என்றேன். அப்பா நெற்றியைச் சுருக்கி, தலையாட்டி, மடித்து வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. கிட்டேயும் இல்லை, தூரமும் இல்லை. தோலைக் கட்டைவிரலால்தான் பிரிக்கிறார். உண்ணித் துளை விரலுக்கு அகப்படாது.

முன்பு வேதாசலம் என்ற செலக்டர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மறுவாரமே, தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை எடைபோடும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கண் போன செலக்டர் என்று ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

இன்னொன்றும் தோன்றியது. அதையும் எழுதுகிறேன். விண்ணப்பத்தை, பரீட்சை மார்க்குத் தாள் என்று சொல்லி நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். நீட்டவில்லை. அது பொய்.

டிசம்பர் 25

பூசையில் ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பக்கத்தில் உட்காரவே எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 29

வளையத்தைத் திருப்பி வைப்பது மட்டும் என்ன? அதுவும் பொய்தானே. சொல்லாத பொய். அதைச் செய்பவள் நான்.

1937 ஜனவரி 1, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்கும் பனி கலையவில்லை. ரேஞ்சர் ஐயாவின் டெலஸ்கோப் எட்டு மடங்கு. “ஒரே வெள்ளையாத் தெரியுதே” என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நூறுக்கு எண்பத்தொன்று எடுத்தார். நூற்றுப் பத்து ரூபாய்க்கு நிறையப் பனி வாங்கியிருக்கிறார்.

அப்பா கடைசியில் படுத்தார். நான்கு சுற்று. அவசரமே இல்லை. தோட்டா வெடிக்கும் சத்தம் குச்சி ஒடிகிற மாதிரி, அவ்வளவுதான். பத்தாவது தோட்டாவும் முடிந்து காகிதத்தைக் கொண்டுவந்ததும், துளைகளுக்குள் பென்சில் முனையை விட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். தொண்ணூற்று மூன்று.

அப்பா எழுந்து மணலைத் தட்டினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ரைபிளை விரிப்பின் மேல் வைத்துவிட்டு என் பக்கம் பார்த்தார். இப்போது என் வேலை. இரண்டடி தூரம். நான் கூட்டிய கணக்கையே மறுபடி கூட்டிக்கொண்டு நின்றேன்.

“எவ்ளோ, பேட்டி?” என்றார் சாயபு, மகளே என்று அவர் பாஷையில். சொன்னேன். “மாஷா அல்லா. இருபத்தெட்டு ரூபா டெலஸ்கோப்பா இது? இரு, நானும் பாக்குறேன்.” சாயபு பெருமூச்சு விட்டுப் படுத்து, கண்ணை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“இன்னா இருதயராஜு, ஒண்ணுமே தெரியலியே.”

“பனிங்க” என்றார் அப்பா.

பனி கலைந்து அரை மணி ஆகியிருந்தது. ரேஞ்சர் ஐயா குனிந்து பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். சுற்றை வாய்விட்டு எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சாயபு, கண்ணு ரொம்பக் கெட்டவங்கதான் இவ்ளோ தூரம் திருப்புவாங்க.” தோற்றவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

சாயபு அப்பாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஏதோ ரசீதை எடுத்து நீட்டினார். “இத படி.”

அப்பா கையில் வாங்கினார். படிக்கவில்லை. கன்னியப்பன் ஆற்றுப் பக்கம் திரும்பி வெற்றிலையைத் துப்பினார்.

“எத்தினி நாளா?”

“ஒரு வருசமா, முதலாளி.”

“ஒரு வருசமா என் தோல விரல்லயா பாத்த?” அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மறக்கவில்லை. மறந்தேன் என்று எழுத இந்த நோட்டு வேண்டியதில்லை. நான் திருப்பவில்லை. உண்மைக்காக என்று ஆற்றிலிருந்து வீடுவரை சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மைக்காக இல்லை. அப்பாவுக்குக் கண்ணாடி வந்தால் படிக்க நான் வேண்டாம் என்று, நாலாம் பாரத்துக்காக. ரேஞ்சர், கன்னியப்பன், கேட்லாக்காரன் – இத்தனை நாள் யாரையெல்லாம் எழுதிக் கிழித்தேன், என்னைத் தவிர.

ஜனவரி 2

அப்பா சாப்பிடவில்லை. என்னைக் கேட்கவுமில்லை.

ஜனவரி 9

சாயபு தன் செலவிலேயே அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தடித்த கண்ணாடி. போட்டதும் கண் மாட்டுக்கண் மாதிரி பெரிதாகத் தெரிகிறது. செலக்‌ஷன் மேசையில் இனிக் கன்னியப்பன். அப்பாவுக்குப் பட்டைக் கொட்டகை. “நல்ல மனுசன், வேலய விட்டு எடுக்கல” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

சாயங்காலம் கேட்லாக்கை எடுத்தேன், பழக்கத்தில். “வேணாம். இனிமே நானே படிச்சுக்குவேன்” என்றார். கோட்டுப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். நான்காய் மடிந்து கசங்கியிருந்தது. இருபுறமும் படித்தார், ஒவ்வொரு வார்த்தையாக. தலைமை சிஸ்டர் என்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, சத்தமாகப் படித்தார்: “நடத்தை – உண்மை தவறாதவள்.”

என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடி வழியாக முதல்முறை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 24, வேலூர்

விடுதிக்கு வந்து மூன்று நாள். என் கட்டிலுக்கு இருபுறமும் படுப்பவர்கள் ரிப்பனைத் தவிர எதையும் பேசாதவர்கள். சரித்திரம் எடுக்கும் சிஸ்டர் தேதிகளைத் தப்பாகச் சொல்கிறார்.

அப்பாவிடமிருந்து கடிதம். அம்மா சொல்ல யாரோ எழுதியதல்ல, அவர் கையெழுத்தே. எழுத்துகள் பெரிதாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டதாம். சாயபுவின் ரைபிளால் இப்போது கன்னியப்பன் சுடுகிறாராம், சுமார்தானாம். அதன் கீழே: “அன்று நீ வளையத்தை மறந்துபோனாய் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.”

பதில் எழுத உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். உண்மையில் அப்படி இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று எழுதினேன். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. மறக்கவில்லை, நான்தான் திருப்பவில்லை என்ற அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். மணி அடித்தது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.