தம்பி மகள் பேச்சை மாற்றிக்கொண்ட வருடம்

ஆஸ்லோ, செப்டம்பர் 9, 1957

சாப்பாட்டு மேஜையில் ரான்வெய் உருளைக்கிழங்கு கேட்டாள். ஆஸ்லோ பேச்சில்! தம்பி ஷூரின் மகள். மேல்நிலைப் பள்ளியில் படிக்க எங்கள் ஊர்ப்பக்கமான ஹர்தாங்கரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இத்தனை வருடமாக இங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு எங்கள் ஊர்ப் பேச்சில்தான், புத்தகங்கள் நார்வேயின் இரண்டு எழுத்துமுறைகளில் கிராம எழுத்துமுறையில்தான். அமைச்சர் முன்னால்கூட மாற்றிக்கொண்டதில்லை. என் வீட்டிலேயே இப்படியா? என் மனைவி போர்கில்ட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். கிழங்கை அவள் பக்கம் நகர்த்தினேன்.

செப்டம்பர் 10

போர்கில்ட் ரான்வெய்யிடம் பக்குவமாகக் கேட்டுச் சொன்னாள். பிள்ளை வாய் திறந்தாலே மாட்டுக்கொட்டகை நாற்றம் என்று வகுப்பில் மூக்கைப் பிடிக்கிறார்களாம்.

நவம்பர் 21

ரான்வெய்யின் பள்ளியில் தேர்வுத்தாளை நகர எழுத்துமுறையில் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். புகார் எழுதிவிட்டேன். பிரமாதமான புகார்! ரான்வெய்யிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அனுப்பாதீங்க பெரியப்பா. நீங்க ஜெயிச்சிடுவீங்க. மறுநாள் அந்த வகுப்புக்குப் போகப்போறது நான்தானே?"

அதுவும் ஆஸ்லோ பேச்சில்.

நவம்பர் 22

அனுப்பவில்லை. இந்த மொழிச் சண்டையில் நான் பின்வாங்குவது இதுதான் முதல் தடவை.

"ஒரு தடவையாவது வெறும் பெரியப்பாவா இரேன்" என்றாள் போர்கில்ட். இருந்து பார்க்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 19, 1958

பனிச்சறுக்கில் நேரே வேலிக்குள் போய் விழுந்தேன். இங்கே வந்ததிலிருந்து ரான்வெய் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போகட்டும்.

மார்ச் 2

ரான்வெய்யின் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். கதவைத் திறந்தது நான். என்னால் பிள்ளைக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று தோன்றியது. ஆஸ்லோ பேச்சில், நாக்கு குழற, "வாங்க, உள்ள வந்து உட்காருங்க. வாஃபிள் சூடா இருக்கு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. சமையலறையில் போர்கில்ட் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மாடிப்படியில் ரான்வெய்.

"ஏன் பெரியப்பா இப்படிப் பேசுதீய? உடம்புக்கு முடியலையா?"

ஊர்ப் பேச்சு. அச்சு அசல் ஷூர்.

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ரான்வெய் அவள் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்ல இப்படித்தான் பேசுவோம். சிரிச்சு முடிச்சன்னா உள்ள வாட்டி, வாஃபிள் ஆறிப்போவுது."

ஜாம் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். போர்கில்ட் கைக்குட்டையை நீட்டினாள்.