கையை விட்டால் நிற்க வேண்டும்

மார்ச் 3, ஞாயிறு
அக்கா கீழே இருந்ததால் பிழைத்தேன். ஞாயிறுதோறும் நாங்கள் பொழுதுபோக்காகக் கயிறு கட்டி ஏறி இறங்கும் மரம்தான். இடுப்பில் மாட்டிய எட்டு வடிவ உலோக வளையத்தில் கயிற்றைக் கோத்துப் பாதி தூரம் இறங்கியபோது வலது கை மரத்துப்போனது. விரல்களுக்குள் கயிறு ஓடுகிறது, எனக்கு உறைக்கவே இல்லை. அக்கா கீழே கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள்; கயிறு வளையத்தில் இறுகியது. நின்றேன்.
"தூங்கிட்டியாடி?"
"வழுக்கிடுச்சு" என்றேன்.

மார்ச் 4
வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போது மறுபடியும் கை மரத்தது. மாத்திரைகள் கைநழுவி விழுந்தன.

மார்ச் 6
பஸ் டிப்போ வாசலில், டிரைவர் சட்டையோடு வந்த அக்காவிடம் கை மரத்துப்போவதைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"எவ்வளவு நாளா?"
"மழைக்காலத்துலேர்ந்து."
"அப்பல்லாம் நான் இறங்கும்போது என் கயிறு உன் கையிலதான இருந்துச்சு?"


மார்ச் 9
மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதாம். அந்தக் கையை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள் என்றார் டாக்டர்.
நேராகக் கயிற்றுக் கடை. கயிற்றில் இறங்க உதவும் இரண்டு கருவிகளை எடுத்துப் போட்டார்கள். ஒன்றில் பிடியை அழுத்தினால் இறங்கலாம், விட்டால் நிற்கும். மற்றது, விட்டாலும் நிற்கும், பயத்தில் பிடியை முழுக்க அழுத்தினாலும் நிற்கும், ஆனால் கனம்.
"பயந்தவங்க பிடிய விடமாட்டாங்கம்மா, இன்னும் இறுக்குவாங்க" என்றார் கடைக்காரர்.
நான் எந்த ரகம்? தெரியவில்லை. கனமானதையே வாங்கினேன். அக்கா கடைக்குள் வரவே இல்லை.

மார்ச் 10
ஆளுயரத்தில் தொங்கிக் கையை விட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை — மெதுவாக வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன். இதற்கா இவ்வளவு அலைச்சல்?
அக்கா கருவியைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கிறது. எங்களுடையது அதைவிட மெலிசு.
"அண்ணன் செருப்ப தம்பி போட்ட மாதிரி" என்றாள். டிப்போவுக்குப் பிறகு அவளாகப் பேசியது இதுதான்.

மார்ச் 16
தடித்த கயிறு. விட்டேன், நின்றது. இறுக்கினேன், நின்றது. திரும்பத் திரும்ப. இருட்டும் வரை.

மார்ச் 17
உச்சிக் கிளை வரை ஏறினேன். இறங்கும்போது பாதியிலேயே விரல்கள் மரத்துப்போயின. பிடியை விட்டேன். அந்தரத்தில் நின்றேன்.  கையை உதறி, உணர்வு வந்ததும் இறங்கினேன்.
 "அதக் கழட்டிக் குடு" என்று அக்கா கருவியை வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறினாள். கீழே நான். கருவியை நம்பி ஏறுகிறாளா, என்னையா?
மேலேயிருந்து குரல் வந்தது. "நுனியப் பிடிச்சிருக்கியா?"
"இடது கையில."
"சரி" என்று இறங்கத் தொடங்கினாள்.